சிரிக்கிற எழுத்தில் ஓர் எச்சரிக்கை

எங்கள் லுக்குட் ஊர்க் கடைத்தெருவில் நடந்தால் என் கையெழுத்து ஐந்து இடங்களில் தொங்குகிறது. செண்டோல் குளிர்பான வண்டியில், பாலர்பள்ளிச் சுவரில், பலகாரக் கடையில், இன்னும் இரண்டு இடங்களில். எதிலும் என் பெயர் கிடையாது. நான் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்து மூன்று வருடமாகிறது. அந்தக் கையெழுத்து மட்டும் இன்னும் லீவு போடாமல் வேலை பார்க்கிறது.

போன வாரம் பிரியா வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பினாள். அச்சுக்கடையில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் அவள். "அக்கா, துள்ளல் எழுத்து ஃபோல்டர்ல 'எச்சரிக்கைப் பலகைக்கு இதை எடுக்கவே கூடாது'ன்னு எழுதி வெச்சிருக்கீங்க. ஏன்க்கா? ஒரு கிளினிக்ல டெங்கி போர்டு கேக்குறாங்க. துள்ளல்ல போட்டா அழகா இருக்கும் லா." குரல்பதிவில் பதில் சொல்ல ஆரம்பித்தேன். நாலு நிமிடம் பேசியும் விஷயத்துக்கே வரவில்லை. எனக்கு வாய் நீளம் என்று கடையில் எல்லாருக்கும் தெரியும். அதனால் எழுதிவிடுகிறேன்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு சூசை அண்ணனின் அச்சுக்கடையில் சேர்ந்தேன். ஈய எழுத்துக் கோத்தேன், பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன், பிறகு ஸ்டிக்கர் வெட்டும் மிஷின் வந்தது, அதையும் கற்றுக்கொண்டேன். அதற்கு மேல் அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

துள்ளல் என் கையெழுத்திலிருந்து பிறந்தது. முனை தேய்ந்த மார்க்கர் பேனாவால் நான் விலைச்சீட்டு எழுதுவதைப் பார்த்துச் சூசை அண்ணன், "இத அப்படியே எழுத்துருவா செஞ்சிட்டா என்ன?" என்றார். ஒவ்வோர் எழுத்தாக வெள்ளைத்தாளில் எழுதி, கம்ப்யூட்டரில் ஏற்றி, ஓரம் திருத்தி முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதில் எந்த எழுத்தும் கோட்டில் ஒழுங்காக நிற்காது. ஒன்று எம்பும், அடுத்தது உட்காரும். 'க' தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கும். 'ழ'வின் வால் சுருண்டு கிடக்கும். புள்ளி புள்ளியாக இருக்காது, மூட மறந்த சின்ன வளையமாக இருக்கும். 'ம'வில் மட்டும் மூன்று வகை செய்தேன். 'அம்மா' என்று எழுதினால் இரண்டு 'ம'வும் ஒரே அச்சாக இருந்தால் கையால் எழுதியது போலத் தெரியாது என்பதற்காக. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு.

அது வாயாடி எழுத்து. ஐந்தாறு சொல் கொடுத்தால் கலகலவென்று பேசும். நீளமாக ஒரு பத்தி கொடுத்தால் காது வலிக்கும், யாரும் படிக்க மாட்டார்கள். பொடி அளவில் போட்டால் சேறு. பிறந்தநாள், காதுகுத்து, ஐஸ்கிரீம், பள்ளி விளையாட்டுப் போட்டி, இதற்கெல்லாம் அதை விட்டால் வேறு எழுத்தே கிடையாது.

சூசை அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் திட்டவே மாட்டார். திட்டினால் திருப்பித் திட்டலாம், நான் அதற்குத் தயாராகத்தான் எப்போதும் இருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, சட்டைப்பையில் வைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்பார். பிறகு பேசாமல் கோப்பியைக் குடிப்பார். அந்த மௌனம் இருக்கிறதே, எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

அவர் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பலகையாக இருந்தாலும் ஒட்டி முடித்ததும் கடை வாசலில் சாய்த்து வைக்க வேண்டும். ரோட்டைக் கடந்து எதிர்க்கடை அஞ்சடி நடைபாதையில் போய் நிற்க வேண்டும். கண்ணைப் பாதி மூடிக்கொள்ள வேண்டும், எழுத்து கலங்கித் தெரியும் அளவுக்கு. "படிக்காத விமலா. மூஞ்சிய மட்டும் பாரு. சொல்லு மனசுக்குப் போறதுக்கு முன்னால மூஞ்சி போயிடும்" என்பார். படிக்காமலே அது என்ன பலகை என்று தெரிந்தால்தான் கடையை விட்டுப் போகும். இல்லையென்றால் ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டு மறுபடியும்.

ஒரு முறை மூன்று பிள்ளைகள் வந்தார்கள், அப்பாவின் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு. அப்பா எப்போதும் சிரித்த முகமாம், அதனால் துள்ளலில்தான் வேண்டுமாம். நான் மாட்டேன் என்றேன். பெரியவன், "காசு குடுக்குறது நாங்கதானே?" என்று குரலை உயர்த்தினான். எனக்கும் குரல் இருக்கிறது என்று காட்டினேன். சூசை அண்ணன் இருவரையும் பார்த்துவிட்டு, போட்டுக் கொடு என்று சைகை காட்டினார். போட்டு வாசலில் தொங்கவிட்டதும் எதிர்க்கடைச் சீன அங்கிள் அங்கிருந்தே மலாயில் கேட்டார், "யாருக்குக் கல்யாணம்?" பெரியவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு சாதாரண எழுத்தில் போட்டு வாங்கிப் போனார்கள்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

சுவா பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டம். பெயர் வேண்டாம். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அப்போதும் இருபது இருபத்தைந்து தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. அந்தத் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, கிராணி ரத்தினம், எங்களுக்குப் பழைய வாடிக்கை. தோட்டத்துக் குடும்ப தினத்துக்காக ஏழெட்டுப் பலகை கேட்டு வந்தார். ஐஸ்கிரீம், சிரப் தண்ணீர், வடை, பலூன் சுடுதல், எல்லாம் துள்ளலில், மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து. பிள்ளைகள் பலகையைப் பார்த்தே ஓடியதாக மறுநாள் வந்து சொன்னார். கையோடு இன்னொரு பலகையும் கேட்டார்.

"எலி மருந்து வந்திருக்கு. லயத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஸ்டோர்லதான் அடுக்கப் போறோம். மலாய் போர்டு இருக்கு, மண்டையோடு போட்டது, சாயம் போயிடுச்சு. நம்ம பிள்ளைங்க அத ஏறெடுத்தும் பாக்குறதில்ல. உங்க எழுத்துன்னா படிக்கும். அதுலயே ஒண்ணு போட்டுக் குடுங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். பிள்ளைகள் படிக்கிற எழுத்து என் எழுத்து. சரியான யோசனை என்றுதான் நினைத்தேன். "நஞ்சு. தொடாதே. தின்னாதே." மூன்று சொல். மண்டையோடு வேண்டாம் என்றும் நானே முடிவு செய்து, தலையில் கட்டுப் போட்ட ஒரு குட்டி எலியை ஓரத்தில் வரைந்தேன். அதே மஞ்சள் பலகை மீதம் இருந்தது. அதே சிவப்பு.

அந்த வாரம் சூசை அண்ணன் கண் ஆபரேஷன் செய்து வீட்டில் இருந்தார். வெளியே மழை. கிராணி வண்டியை ஸ்டார்ட்டிலேயே வைத்திருந்தார். எதிர்க்கடைக்குப் போய் நின்று பார்க்கவில்லை. அவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நாலு நாள் கழித்து ரத்தினம் போன் செய்தார். குரலில் அவசரம்.

"விமலாம்மா, அந்த எலி மருந்து போர்டு குடுத்தீங்கல்ல, அதுக்கு ஒரு கடிதம் வேணும். என்னைக்குக் குடுத்தீங்க, என்ன எழுதியிருந்துச்சு, அவ்வளவுதான்."

"எதுக்கு?"

"ஒரு புள்ள மருந்தத் தின்னுடுச்சு. நம்ம தோட்டத்துல வேலை செய்யற தேவி மக. நாலு வயசு. போர்டு வெச்சிருந்தோம்னு மேனேஜர்கிட்ட காட்டணும். அம்மாக்காரி, புள்ளைங்களப் பாத்துக்கிற ஆயாக் கொட்டகையிலேருந்து புள்ளய எடுத்துட்டு வந்து வெளியில விட்டுட்டு, உதிரிப் பழம் பொறுக்கப் போயிட்டா. தமிழ் படிச்சவதான். போர்டு இருக்கு, பாக்கல. தப்பு அவ மேலதான்."

"பிள்ளை எப்படி இருக்கு?"

"ஆஸ்பத்திரில இருக்கு. ஓடியாடிக்கிட்டுதான் இருக்காம். அந்தக் கடிதம் நாளைக்கே வேணும்."

போனை வைத்தேன். கடையை அப்படியே மூடிவிட்டுச் சூசை அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஒரு கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கழற்ற அவருக்கு அன்று கண்ணாடி இல்லை.

"எதிர்ல நின்னு பாத்தியா?"

"இல்லண்ணே."

கோப்பியை எடுத்துக் குடித்தார். குடித்து முடித்ததும், "அப்ப இப்ப போய்ப் பாரு" என்றார்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுவா ரோட்டில் போனேன். லயத்து முனையில் நிறுத்திவிட்டு ஸ்டோர் பக்கம் திரும்பி, கண்ணைப் பாதி மூடினேன். மூடவே தேவையில்லை. வெயிலில் அந்த மஞ்சள் பலகை ஒரு கடையைப் போல நின்றது. இங்கே வா என்று கூப்பிட்டது. வாசலில் சிமெண்டுத் தரையில் இளஞ்சிவப்புத் தூள் கொஞ்சம் சிதறிக் கிடந்தது. கட்டியான எலி மருந்து, சின்ன மிட்டாய்க் கட்டி போலத்தான் இருக்கும். தள்ளுவண்டியில் ஏற்றும்போது சிந்தியிருக்கிறது. அந்தக் குழந்தைக்கு இன்னும் எழுத்தே தெரியாது. ஆனால் என் எழுத்தைத் தெரியும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அந்த எழுத்துக்குக் கீழே நின்று ஐஸ்கிரீம் வாங்கித் தின்றிருப்பாள். அங்கேயே மோட்டார்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தை கட்டில்மேல் குதித்துக்கொண்டிருந்தாள். பெயர் யாழினி. ஒரு கட்டியில் பாதியைக் கடித்திருக்கிறாள். டாக்டர் தேவியிடம் சொன்னதைத் தேவி என்னிடம் சொன்னாள். இந்த விஷம் உடனே ஒன்றும் காட்டாது. இரத்தத்தை உறைய விடாமல் உள்ளே வேலை செய்யும். மூன்று நாள் வரை இரத்தம் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டும். அன்று இரண்டாம் நாள். பிள்ளை சிரிக்கச் சிரிக்கத் தேவியின் முகம் கறுத்துக்கொண்டே போனது.

"தேவி, நான் லுக்குட் அச்சுக்கடை விமலா. அந்தப் போர்டு நான் செஞ்சது."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். பயந்தாள். தன் மேல் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"அக்கா, தோட்டத்துல விசாரணை வெக்கிறாங்க. என் மேல தப்புன்னு எழுதிட்டாங்கன்னா வேலையும் போச்சு, வீடும் போச்சு. எங்க வீட்டுக்காரர் செனாவாங் பேக்டரில ஷிப்டு. லயத்து வீடு என் வேலைக்குக் குடுத்தது." கைப்பேசியை எடுத்து என் பக்கம் நீட்டினாள். "இதப் பாருங்க. இத எங்க கொண்டு ஒளிக்கிறதுன்னு தெரியல."

படத்தில் யாழினி பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றாள். தலைக்கு மேலே என் பலகை.

"போர்டு மாட்டுன அன்னிக்கி எடுத்தேன். எலி அழகா இருந்துச்சு. படிச்சேன் அக்கா. நஞ்சுன்னு படிச்சேன். படிச்சும் நான்தான் அவள அங்க நிக்க வெச்சேன்."

கைப்பேசியை அவள் பையிலேயே திரும்ப வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை யாழினிக்குப் பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வந்து நிற்கவில்லை. தேவி போன் செய்தபோது அழவில்லை. "வருதுக்கா, வந்துக்கிட்டே இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அன்று முழுக்க நான் கடையில் ஒரு வேலையும் செய்யவில்லை. கடிதம் கேட்டு ரத்தினம் இரண்டு முறை ஆளனுப்பினார். திருப்பி அனுப்பினேன். சாயங்காலம்தான் மருந்து ஏற்றிய பிறகு நின்றுவிட்டது என்று செய்தி வந்தது. ஆபத்து தாண்டியது என்று டாக்டர் சொல்ல இன்னும் ஐந்து நாள் ஆனது. அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் மாத்திரை. விசாரணை அதற்குள்ளேயே வந்துவிட்டது.

தோட்ட ஆபீசில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். மலாய்க்காரர், ஜொகூர் பக்கமிருந்து புதிதாக வந்தவர், மரியாதையாகப் பேசுவார். தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ரத்தினம் காகிதங்களோடு நின்றார். தேவி சுவரோரம் நின்றாள். நான் வரும் வழியிலேயே ஸ்டோர் ஆளிடம் சொல்லி அந்தப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தேன். ரத்தினம் அதைப் பார்த்ததும், "கடிதம்தானே கேட்டேன், இத எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?" என்றார் தமிழில்.

"கடிதம் எழுத மாட்டேன் கிராணி. இதுதான் என் கடிதம்."

பலகையைத் தூரத்துச் சுவரில் சாய்த்து வைத்தேன். மேனேஜரிடம் மலாயில் சொன்னேன். "துவான், உங்களுக்குத் தமிழ் தெரியாது. அந்தப் பிள்ளைக்கும் தெரியாது. பார்த்து, இது என்ன பலகைன்னு சொல்லுங்க."

அவர் பார்த்தார். அவர் நஞ்சு என்று சொல்லிவிட்டால் தேவி தெருவுக்குப் போக வேண்டியதுதான். என்னாலும் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. அவர் தலையைச் சாய்த்து இன்னொரு முறை பார்த்தார்.

"குடும்ப தினத்துக்கு வைத்ததுதானே? ஐஸ்கிரீம்?"

ரத்தினம் அவசரமாக, "துவான், அது விஷப் பலகை. இந்தப் பொம்பளைக்குப் படிக்கத் தெரியும்" என்றார். மேனேஜர் தேவியைப் பார்த்து, பலகையைப் படித்தாயா என்று கேட்டார்.

அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நானே மனசுக்குள் அப்படிச் சொல்லு என்றுதான் வேண்டிக்கொண்டேன். அவள் முன்னால் நடந்து போய்க் கைப்பேசியை மேஜைமேல் வைத்தாள். "படிச்சேன் துவான். படிச்சுட்டு இந்தப் படம் எடுத்தேன்."

மேனேஜர் படத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். கைப்பேசியை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அதற்குமேல் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ரத்தினத்திடம், "யார் இந்த மாதிரி கேட்டது?" என்றார். ரத்தினம் கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். அவரை மட்டும் மாட்டிவிட எனக்கு மனசு வரவில்லை. "அவர் கேட்டார், நான் செய்தேன். செய்யக்கூடாதுன்னு தெரிஞ்சிருக்க வேண்டியவள் நான். என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். எழுதிக்கொண்டார். சாயங்காலம் சூசை அண்ணனிடம் சொன்னபோது, "கடை பேரையும் எழுதச் சொன்னியா?" என்று கேட்டார். சொல்லவில்லை என்றேன். மறுநாள் ஒற்றைக் கண்ணோடு தோட்டத்துக்குப் போய் அதையும் எழுத வைத்துவிட்டு வந்தார். அந்த மனிதரை அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. தேவிக்கு வேலையும் வீடும் நிலைத்தன.

பிரியா, துள்ளல் கெட்ட எழுத்து இல்லை. அது எந்தச் சொல்லைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்லும், அதற்கு வேறு முகம் கிடையாது. உன் கிளினிக்காரர்களிடம் இதைச் சொல்லு. கேட்கவில்லை என்றால் என் நம்பரைக் கொடு.

விசாரணை முடிந்து ரத்தினம் புதுப் பலகை கேட்டு வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று முறை வரைந்தேன், மூன்றையும் பிய்த்துப் போட்டேன். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் 'ச'வின் வயிறு உருண்டுவிடுகிறது. இத்தனை வருடம் பிள்ளைகளைக் கிட்டே கூப்பிட்டுப் பழகிய கை, துரத்து என்றால் துரத்தவில்லை. நாலாவது முறை அளவுகோலை வைத்து, வளைவையெல்லாம் வெட்டி, கறுப்பில் கட்டை கட்டையாகப் போட்டேன். மண்டையோடும் போட்டேன். மாட்டுவதற்கு நானே போனேன்.

ஸ்டோர் ஆள் ஏணியில் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் தேவி, யாழினியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆயாக் கொட்டகைக்குப் போனாள். விசாரணைக்குப் பிறகு தேவி என்னோடு பேசவில்லை. நன்றியும் சொல்லவில்லை, ஏசவும் இல்லை. இரண்டில் எதற்கும் எனக்கு உரிமை இல்லை என்று நானும் ஒதுங்கித்தான் நின்றேன்.

பிள்ளை ஸ்டோர் பக்கத்தில் நடந்து வந்தவள், நிமிர்ந்து பார்த்தாள். நின்றுவிட்டாள். தேவியின் கையை விட்டு, அவளைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், சட்டையை இறுகப் பிடித்தாள்.

"அம்மா, இந்தப் பக்கம் வேணாம்."

தேவி பலகையை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதத்தான் மொதல்லயே செஞ்சிருக்கணும் அக்கா" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.